பாட்டு பொது, குரல் யாரோடது?

கரிசக்காட்டுல உளுந்து முளைச்ச இருபது, இருபத்தஞ்சு நாளுக்குள்ள களை எடுத்தாகணும். விட்டா களை பயிரை முழுங்கிரும். ஆளுக்கு ஒரு நிரை பிடிச்சு, குனிஞ்ச தலை நிமிராம காலையில இருந்து வெயில் ஏறுற வரைக்கும் வேலை. இடுப்பு கழண்டு போகும். அந்த வலி தெரியாம இருக்கத்தான் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. எங்க மணியாச்சிப் பக்கத்துல எடுத்துக் கொடுக்கிற ஆள் எங்க பெரியத்தை. எழுபது வயசு தாண்டியாச்சு. குரல் மட்டும் இன்னும் ரெண்டு காடு தாண்டிக் கேட்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு மார்கழியில, என் தம்பி மகன் செல்போன்ல அத்தை பாடுறதைப் படம் பிடிச்சான். "போடவா அத்தே?"ன்னு கேட்டு, அவங்க "போடு, எனக்கென்ன"ன்னு சொன்ன பிறகு ஒரு காணொளித் தளத்துல ஏத்தினான். யார் பாடினது, எந்த ஊர், என்ன வேலைக்கான பாட்டு எல்லாம் கீழே எழுதியிருந்தான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற எங்க ஊர்ப் பிள்ளைங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்கன்னு ஒரு சில ஆயிரம் பேர் பார்த்தாங்க. அத்தைக்கு வெட்கம் கலந்த பெருமை.

ஒரு வருஷம் கழிச்சு அதே பாட்டு வேற உருவத்துல வந்துச்சு. உறுமியும் கீபோர்டும் சேர்த்து, தாளத்தை வேகமாக்கி, நடுவுல நம்ம அத்தை குரலையே ரெண்டு இடத்துல வெட்டி ஒட்டியிருந்தாங்க. இசை இன்னார், வரிகள் இன்னார்னு பேரும் போட்டிருந்துச்சு. அத்தை பேரும் இல்ல, ஊர் பேரும் இல்ல. சரி, போகட்டும்னு விட்டிருப்போம். ஆனா அடுத்த மாசமே தம்பி மகனுக்கு ஒரு அறிவிப்பு வந்துச்சு: உங்கள் காணொளியில் வேறொருவருக்கு உரிமையான ஒலி இருக்கிறதுன்னு. அதாவது, நம்ம படத்துல இருந்து எடுத்த குரல் நம்ம படத்துல இருக்கிறதால, நாமதான் திருடங்களாம்.

இது எப்படி நடக்கும்னு நகரத்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தத் தளங்கள்ல ஒரு ஒலியை 'இது எங்களுது'ன்னு முதல்ல பதிஞ்சு வைக்கிறவங்க பக்கம்தான் எந்திரம் நிற்கும். அதோட ஒத்துப்போற ஒலி வேற எங்க இருந்தாலும் அது தானா தேடிப் பிடிச்சுக் கொடி காட்டும். எது முன்னால வந்தது, எது பின்னால வந்ததுன்னு அது யோசிக்கிறதில்ல. நிலத்துக்கும் இதே கதைதான். நாலு தலைமுறையா உழுதவன் சும்மா இருப்பான், பத்திரம் போட்டவன் வந்து வேலி அடைப்பான்.

அத்தைகிட்ட விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க:

"ஏய்யா, என் தொண்டைக்கு எவன்யா பட்டா வாங்கினது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை நாளா அலைஞ்சேன். தேடப் போன இடத்துல கிடைச்ச முதல் கதை எங்க பக்கத்துக் கதையாவே இருந்துச்சு.

எட்டயபுரம் எங்க வட்டாரம்தான், கோவில்பட்டிக்குக் கிழக்கே. அங்க பிறந்த பாரதி தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய் மாதிரி, தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு போகணும்னு கனவு கண்ட மனுஷன். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துல பாதிப் பேருக்குச் சோறு போட்ட தொழில் தீப்பெட்டி. அதனால அந்த ஆசை எவ்வளவு பெரிசுன்னு எங்களுக்கு நல்லாவே புரியும். ஆனா 1921ல அவர் இறந்தபோது புத்தகம் அப்படி எதுவும் போயிருக்கல. மனைவி செல்லம்மாள்தான் கஷ்டப்பட்டு அச்சுப் போட ஆரம்பிச்சாங்க. 1928ல அன்றைய அரசாங்கம் அந்தப் புத்தகங்களைப் பறிமுதல் பண்ணுச்சு. 1931ல பாரதியோட தம்பி சி. விசுவநாதன் கைக்கு வெளியீட்டு உரிமை 4000 ரூபாய்க்குப் போச்சு.

இது வரைக்கும் புத்தகத்தோட கதை. இதுக்கு நடுவுல கிராமபோன் வந்துருச்சு, ரேடியோ வந்துருச்சு, பேசும் படம் வந்துருச்சு. அதே பாட்டுல இருந்து 'ஒலி உரிமை'ன்னு ஒண்ணு தனியாப் பிரிஞ்சுது. அதை ஜெசிங்லால் மேத்தாங்கிற ஒரு நகை வியாபாரி சில நூறு ரூபாய்க்கு வாங்கினார். அவர்கிட்ட இருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947ல வந்த 'நாம் இருவர்' படத்துல டி.கே. பட்டம்மாள் பாடின பாரதி பாட்டுகள் நாடு முழுக்கக் கேட்டுச்சு. அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்துல ஒரு பாரதி பாட்டை வச்சதும் உரிமைப் பிரச்சினை எழுந்துச்சு. ஊரெல்லாம் பாடுற பாட்டை எங்க படத்துல பாடக் கூடாதான்னு டி.கே. சண்முகம் கேட்டார். நாரண. துரைக்கண்ணன் மாதிரி எழுத்தாளர்கள் சேர்ந்தாங்க. பாரதி பாட்டு மக்கள் சொத்தாகணும்னு இயக்கமே நடந்துச்சு.

1949ல ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில சென்னை அரசாங்கம் அந்த உரிமைகளை எடுத்துக்கிச்சு. மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமலே தன் உரிமையை விட்டுக் கொடுத்தார். விசுவநாதனுக்கும், செல்லம்மாளுக்கும், ரெண்டு மகள்களுக்கும் அரசாங்கம் பணம் கொடுத்துச்சு. பின்னால அந்தப் பாட்டுகளை யார் வேணும்னாலும் அச்சுப் போடலாம், பாடலாம்னு ஆச்சு. ஒரு கவிஞரோட எழுத்தை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கிப் பொதுவுல விட்டது பெரிய விஷயம். இன்னைக்கு 'நாட்டுடைமை'ன்னு நாம சாதாரணமாச் சொல்ற வழக்கத்துக்கு வழி போட்டது அதுதான். பறிமுதல் பண்ணின அதே சென்னை அரசாங்கம் இருபத்தோரு வருஷம் கழிச்சு விலை கொடுத்தது இன்னொரு வேடிக்கை.

இந்தக் கதையில எனக்குப் பிடிபட்டது ஒண்ணு. பாரதி எழுதுறப்ப அவர் பாட்டுக்கு 'ஒலி உரிமை'ன்னு ஒரு விலை வரும்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு புது ஊடகம் வர்றப்பவும் பழைய பாட்டுக்குள்ள இருந்து ஒரு புது வரப்பு முளைக்குது. அந்த வரப்பை முதல்ல பார்க்கிறது பாட்டுக்காரன் இல்ல, வியாபாரி. பாட்டுக்காரன் வீட்டுல அடுப்பு எரியணுமேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருப்பான்.

ஆனா பாரதி கதைக்கும் அத்தை கதைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. பாரதிக்குப் பேர் இருந்துச்சு. களையெடுப்புப் பாட்டை எழுதினது யாரு? யாருக்கும் தெரியாது. நம்ம நாட்டுல 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், எழுதினவர் காலம் வரைக்கும், அதுக்கு மேல 60 வருஷத்துக்கும் உரிமை கொடுக்குது. எழுதினவரே யாருன்னு தெரியாத, காலங்காலமா வாய்வழியா வந்த பாட்டு எல்லாருக்கும் பொது. அதனால அந்தப் பாட்டை யாரும் எடுத்துப் பாடலாம், மேளம் கட்டலாம், காசும் பண்ணலாம். அதுல எனக்கு மறுப்பு இல்ல. எங்க அத்தையும் யார்கிட்டயும் காசு கொடுத்துக் கத்துக்கல.

தூத்துக்குடியில வக்கீலா இருக்கிற ஒரு சொந்தக்காரப் பையன்தான் அடுத்த விஷயத்தைப் புரிய வச்சான். "மாமா, இதுல மூணு அடுக்கு இருக்கு. பாட்டு பொது. ஆனா அதைப் பாடின குரல் அத்தையோடது. அதைப் பதிவு பண்ணின ஒலி உங்க தம்பி மகனோடது"ன்னான். 1994ல சட்டத்துல 'நிகழ்த்துவோர் உரிமை'ன்னு ஒண்ணைச் சேர்த்திருக்காங்க. பாடுறவங்க, ஆடுறவங்க, வாசிக்கிறவங்க எல்லாருக்கும் அவங்க நிகழ்த்தினது மேல உரிமை உண்டு. இப்ப அது 50 வருஷம் செல்லும். 2012ல செஞ்ச திருத்தத்துல, பாடினவர் இன்னார்னு அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்கிற உரிமையும் சேர்ந்திருக்கு. மேடையில பாடணும், சங்கீதம் படிச்சிருக்கணும்னு சட்டம் சொல்லல. உளுந்தங்காட்டுல குனிஞ்சுக்கிட்டுப் பாடினாலும் அது நிகழ்த்துறதுதான்.

அதைக் கேட்டதும் எனக்கு விதைதான் ஞாபகம் வந்துச்சு. எங்க தாத்தா காலத்துல ஒருத்தர்கிட்ட விதை வாங்கினா, அறுப்பு முடிஞ்சு கூட ரெண்டு படி சேர்த்துத் திருப்பிக் கொடுக்கணும். விதைக்கு யாரும் விலை பேசினதில்ல. ஆனா 'இது இன்னார் வீட்டு விதை'ன்னு சொல்லித்தான் அடுத்தவங்களுக்குக் கொடுப்பாங்க. பின்னால கம்பெனி விதை வந்துச்சு, பை வந்துச்சு, பேர் வந்துச்சு. 2001ல பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தப்ப அதுல ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. பதிவு பண்ணின ரகமா இருந்தாலும் விவசாயி அந்த விதையைச் சேமிக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், விற்கவும் செய்யலாம். அடுத்தவன் பேர் போட்ட பையில போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2019ல குஜராத்துல உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல பெப்சிகோ வழக்குப் போட்டப்ப, இந்தச் சட்டத்தைத்தான் விவசாயிகள் பக்கம் காட்டினாங்க. கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றுச்சு.

பாட்டுக்கும் இதுவே போதும்னு நினைக்கிறேன். விதைக்கலாம், பரப்பலாம், விற்கலாம். பை மேல போடுற பேர்ல பொய் சொல்லக் கூடாது.

பெரிய மேடையிலயும் பேர்தான் பிரச்சினையா இருக்கு. 2021ல வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுத் திரும்பின தன் பாட்டி வள்ளியம்மாள் வாழ்க்கையில இருந்துதான் அதை எடுத்ததா அறிவு சொன்னார். அடுத்த வருஷம் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அவர் இல்லாம அந்தப் பாட்டு மேடையேறினப்போ, இந்தப் பாட்டுல யாருக்கு எவ்வளவு பங்குன்னு நாடு முழுக்கப் பேச்சாச்சு. அறிவு ஒரு பக்கம் சொன்னார், இசையமைச்ச சந்தோஷ் நாராயணன் ஒரு பக்கம் சொன்னார். 2024ல, அத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டுல இருந்து வருமானமே வரலைன்னு சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாச் சொன்னார். பேர் தெரிஞ்ச கலைஞர்களுக்கே இந்த நிலைமைன்னா, களைக்கொத்தோட நிற்கிற கிழவிக்கு யார் கணக்குக் காட்டப் போறாங்க?

இதையெல்லாம் சொல்றதால செல்போனையும் இணையத்தையும் நான் பழிக்கிறேன்னு நினைக்காதீங்க. பாட்டைக் கொன்னது செல்போன் இல்ல, களைக்கொல்லி. பத்து வருஷத்துக்கு முன்னால வரைக்கும் ஒரு காட்டுல பதினஞ்சு பேர் நிரை பிடிச்சாங்க. இப்ப முதுகுல டேங்கை மாட்டிக்கிட்டு ஒரு ஆள் போறான். அவன் யாரோட சேர்ந்து பாடுவான்? கூலி ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் கட்டுப்படியாகல. நானும் மக்காச்சோளத்துக்கு மருந்துதான் அடிக்கிறேன். பாட்டுக்கு ஒரு வேலை இருந்துச்சு. வேலை போனதும் பாட்டுக்கு இடம் இல்லாமப் போச்சு. அந்த நேரத்துல செல்போன் இல்லைன்னா இந்தப் பாட்டு அத்தையோடவே போயிருக்கும்.

ஆனா செல்போன் பாட்டை ஒரு மாதிரி உறைய வைக்கவும் செய்யுது. அத்தை ஒரே பாட்டை ரெண்டு நாள் ஒரே மாதிரி பாட மாட்டாங்க. பக்கத்து நிரையில யார் நிற்கிறாங்களோ அவங்க பேர் உள்ளே வரும். புதுசாக் கல்யாணம் ஆனவ இருந்தா கேலி வரும். காட்டுக்காரன் தண்ணி கொண்டுவர லேட்டானா அவன் மானம் போகும், நானே பலமுறை அந்தப் பாட்டுல மாட்டியிருக்கேன். இப்ப எங்க தெருப் பிள்ளைங்க பள்ளிக்கூட விழாவுல இந்தப் பாட்டைப் பாடினா, காணொளியில இருக்கிற மாதிரியே, அந்த இருமல் சத்தம் வர்ற இடத்துல நிறுத்திப் பாடுதுங்க. அத்தை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "அது அன்னைக்குப் பாடினதுல்லா? இன்னைக்கு நீ உன் பாட்டைப் பாடணும்."

படைப்புன்னு நாம பெரிய வார்த்தையாச் சொல்றது அவங்களுக்கு அந்த 'இன்னைக்கு' தான்.

அச்சும் ஒரு காலத்துல புது ஊடகமா இருந்துச்சு. எங்க பக்கத்து இடைசெவல் கி. ராஜநாராயணன், விவசாயிகள் மந்தையில உட்கார்ந்து பேசின கதைகளையும் சொற்களையும் அச்சுக்குக் கொண்டுபோனார். கரிசல் வட்டாரச் சொல்லகராதி போட்டார். அப்பவும் வாய்ப்பேச்சு தாள்ல உறைஞ்சுதான் போச்சு. ஆனா அது எந்த மண்ணுப் பேச்சுங்கிற விலாசம் அழியல. அவர் எடுத்துக்கிட்டுப் போனதுல கரிசலுக்கு நஷ்டம் எதுவும் இல்ல, கரிசல்னு ஒரு ஊர் இருக்கிறதே அதனாலதான் பல பேருக்குத் தெரிஞ்சுது. எடுக்கிறது தப்பில்ல, எடுத்த இடத்தை அழிக்கிறதுதான் தப்புங்கிறதுக்கு இது போதும்.

கடலைமிட்டாயையும் சொல்லணும். 2020ல கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. தனி ஒரு ஆளுக்குச் சொந்தமில்லாத ஒரு கைப்பக்குவம், ஒரு வட்டாரத்துக்கே சொந்தம்னு சட்டம் ஒத்துக்கிச்சு. இனி வேற எங்கேயோ பண்ணி 'கோவில்பட்டி'ன்னு பேர் ஒட்ட முடியாது. கடலையும் வெல்லமும் சேர்ந்ததுக்கு இருக்கிற இந்த மரியாதை, ஒரு வட்டாரத்துப் பெண்கள் சேர்ந்து உண்டாக்கின பாட்டுக்கு இல்ல.

எங்க விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. தம்பி மகன் ஆட்சேபணை எழுதிப் போட்டான். நம்ம காணொளி ஏறின தேதி, மூலப் பதிவு எல்லாம் கொடுத்தான். ஒரு மாசத்துக்குப் பிறகு எங்க படத்து மேல இருந்த உரிமைகோரல் நீங்குச்சு. அந்தப் பாட்டைப் போட்டவங்களுக்கும் போன் பண்ணினோம். முதல்ல "இது பொதுப் பாட்டுதானே சார்"னாங்க. பாட்டு பொதுதான், குரல் பொது இல்லைன்னு வக்கீல் பையன் எடுத்துச் சொன்ன பிறகு, வரிகள்னு போட்டிருந்த பேரை எடுத்துட்டு 'நாட்டுப்புறப் பாடல்'னு மாத்தினாங்க. அத்தை பேரைப் போடல. குரலையும் எடுக்கல.

"நாட்டுப்புறப் பாடல்னு போட்டிருக்காங்க அத்தே"ன்னேன்.

"நாட்டுப்புறம்னா எந்தப் புறம்யா? மேப்புறமா, கீழ்ப்புறமா?"ன்னு கேட்டாங்க.

நோட்டீஸ் அனுப்பலாமா, வழக்குப் போடலாமான்னு யோசிச்சோம். அதுக்கு ஆகிற செலவுல ரெண்டு ஏக்கர் விதைச்சிரலாம். அத்தைக்கும் அதுல இஷ்டமில்ல. பணம் வேணுமான்னு கேட்டதுக்குத் தலையை ஆட்டிட்டாங்க. "அப்ப உங்க பேரையாவது போடச் சொல்லிக் கேட்போம்"னேன். அதுக்கும் ஒரு தடை சொன்னாங்க. "என் பேரை மட்டும் போட்டா எங்க மாமியா மேல இருந்து கோவிச்சுக்குவா. அவகிட்டதான் படிச்சேன். எடுத்துக் கொடுத்தது நான், வாங்கிப் பாடினது பதினோரு பேரு. ஊர் பேரைப் போடச் சொல்லு, பாடினவங்க பேரெல்லாம் போடச் சொல்லு."

சட்டத்துல 'எழுதியவர்'னு ஒரு கட்டம்தான் இருக்கு. அத்தை சொல்ற விலாசம் அதுல அடங்காது. செத்துப்போன மாமியார், கூடப் பாடின பதினோரு பேர், ஒரு ஊர். ஆனா உண்மையான கணக்கு அதுதான். இப்ப அந்தப் பேர்களோட ஒரு கடிதம் எழுதி அவங்களுக்கு அனுப்பியிருக்கோம். பதில் இன்னும் வரல.

நகரத்துல இருந்து இதை வாசிக்கிற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். கிராமத்துப் பாட்டு ஒண்ணு உங்க போனுக்கு வந்தா ரசிங்க, நாலு பேருக்கு அனுப்புங்க. அனுப்புறப்ப பாடினவங்க பேரையும் ஊரையும் வெட்டாம அனுப்புங்க. பேர் இல்லாம வந்தா, "பாடினது யாரு, எந்த ஊரு?"ன்னு போட்டவங்களைக் கேளுங்க. நீங்களே ஒரு ஊருக்குப் போய்ப் படம் பிடிக்கிறதா இருந்தா, சம்மதம் கேட்டு, வாங்கிப் பாடுறவங்க பேரையும் குறிச்சு, ஒரு பிரதியை அந்த ஊர்லயே கொடுத்துட்டு வாங்க. பாட்டை வச்சுப் பணம் வந்தா அதுல ஒரு பங்கு அந்தக் காட்டுக்கும் வரணும். விதை வாங்கினவன் கூட ரெண்டு படி சேர்த்துத் திருப்பின மாதிரி.

இந்தப் பட்டத்துக்கு அரை ஏக்கர் உளுந்தை மட்டும் மருந்தடிக்காம விட்டிருக்கேன். கையால களை எடுக்கிறதுக்கு எட்டுப் பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. தண்ணி லேட்டாக் கொண்டுபோகலாம்னு இருக்கேன். புதுப் பாட்டு வேணும்ல.